நினைவகம் தீர்மானிக்கும் ஆய்வு

சொற்றொகுதிகளோடு பணிபுரியும் ஆய்வு மாணவர் பலர், நினைவகம் நிரம்பி நிரல் நின்றவுடன் பெரிய கணினி கேட்கிறோம். கிடைக்காவிடில் தரவைக் குறைக்கிறோம். நானும் என் தரவில் பாதியைக் கைவிடவிருந்தேன். பிழை கணினியில் இல்லை.

பைத்தானின் சைக்கோபிஜி2 நூலகத்தில், பெயரிடாத கர்சர் வினவலின் முடிவு முழுவதையும் ஒருசேர நம் நினைவகத்திற்குக் கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு வரிசையாகப் படித்தாலும் பயனில்லை. கர்சருக்குப் பெயரிட்டால் முடிவு போஸ்ட்கிரெஸ் சர்வரிலேயே நிற்கும். மடக்கில் படிக்கையில் 2000 வரிசைகளாக வந்துசேரும். ஆனால், இடையே கமிட் செய்தால் அந்தக் கர்சர் செல்லாததாகிவிடும். ஆகவே, எழுதுவதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

இவை யாவும் கையேட்டில் உள்ளன. இலக்கணம் கல்லாமல் மொழியை ஆராயத் துணியாத நாம், கையேடு படிக்காமல் நிரல் எழுதுகிறோம். ஆய்வின் எல்லையை ஆய்வுக் கேள்வி வகுக்கட்டும். நினைவகம் வகுக்க வேண்டாம்.