‘சீரியஸ்’ என்றொரு கருணை

ரயிலில் தனியாகப் போய்க்கொண்டிருப்பவனிடம் சாவைச் சொல்லக் கூடாது; ‘சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா’ என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் பெரியப்பாவோ மாமாவோ போடும் முதல் உத்தரவு இதுதான். ‘புள்ள தாங்க மாட்டான்’ என்பார்கள். கருணைதான், சந்தேகமில்லை. அதற்கு விலை கொடுப்பது மட்டும் வண்டிக்குள் இருப்பவன்.

சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரங்கல் தாண்டியதும் போன் வருகிறது: ‘அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஐசியூவில வெச்சிருக்காங்க.’ எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். மழுப்பலாகப் பதில் வருகிறது. நடுவில் சிக்னலும் போய்விடுகிறது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பர் பெர்த்தில் ஏறிப் படுக்கிறார். பிற்பகலில் நாக்பூர் வருகிறது, போகிறது. அங்கே விமான நிலையம் உண்டு. தெற்கே திரும்பும் வண்டிகளும் உண்டு. அதை விட்டால் அடுத்த பெரிய ஊர் போபால், ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். இதற்கு நடுவே எங்கேயோ, அத்தை மகன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த ‘கண்ணீர் அஞ்சலி’ படம் அவர் போனில் வந்து விழுகிறது.

அவருக்குத் தெரிய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. எப்போது எடுக்கிறார்கள்? ஐஸ் பெட்டி வந்துவிட்டதா? தான் வரும்வரை வைத்திருப்பார்களா? அப்பா பிழைத்துக் கிடக்கிறார் என்று நம்புகிறவருக்கு இதையெல்லாம் கேட்க வாய் வருமா? விமானத்துக்குக் கடன் வாங்குவதா, நாளைய வண்டிக்குத் தட்கல் பார்ப்பதா என்ற முடிவும் இதில்தான் தொங்குகிறது. தட்கல் ஏசிக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும்; சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். பெரியப்பாவின் கருணைக்காக அது காத்திருப்பதில்லை.

தந்திக் காலத்தில் இந்த வழக்கத்துக்கு ஒரு நியாயமாவது இருந்தது. ஓடும் வண்டியில் இருப்பவனை எட்டித் தேற்றுவது அன்று எளிதாக இல்லை. அந்தத் தந்திச் சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

மறைத்தால் வலி குறையும் என்பவர்கள் காந்தியின் ‘சத்திய சோதனை’யைப் புரட்டலாம். இங்கிலாந்தில் அவர் படித்துக்கொண்டிருந்தபோதே தாய் புத்லிபாய் இறந்துவிட்டார். அந்நிய மண்ணில் இடி விழ வேண்டாம் என்று அண்ணன் மறைத்தார். 1891இல் பாரிஸ்டராகத் திரும்பி, அம்மாவைப் பார்க்கும் ஏக்கத்தோடு பம்பாயில் கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் காந்திக்கு விஷயம் தெரிந்தது. அதிர்ச்சி குறையவில்லை என்றும், தந்தையின் மரணத்தைவிட இது அதிகம் வருத்தியது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

‘தனியா இருக்கான், ஏதாவது பண்ணிக்கிட்டா?’ என்ற பயம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து துணையை ஏற்பாடு செய்வது. பொய் சொல்வது அல்ல. அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கு மரணச் செய்தி சொல்வதற்கென்றே ‘கிரீவிங்’ என்றொரு முறையைக் கற்பிக்கிறார்கள். முதலில் குடும்பத்தைக் கூட்ட வேண்டும், ஆதரவுக்கு ஆளை அழைக்க வேண்டும். பிறகு ‘இறந்துவிட்டார்’ என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். ரயிலில் குடும்பம் இல்லை, சரி. எதிர் பெர்த்காரர் இருக்கிறார், டிடிஇ இருக்கிறார், 139 என்ற உதவி எண் இருக்கிறது. பொய்யை ஜோடித்து, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும்படி பார்த்துக்கொள்ளும் உழைப்பில் பாதி போதும், இவர்களில் ஒருவரைப் பிடித்துவிடலாம்.

‘பக்கத்துல யாராவது இருக்காங்களா? போனை அவங்ககிட்ட ஒரு நிமிஷம் குடு’ என்று தொடங்கலாம். அப்புறம் அவனிடமே: ‘அப்பா காலையில இறந்துட்டாருப்பா. நாளைக்கு மதியம் வரைக்கும் எடுக்க மாட்டோம். நாக்பூர்ல இறங்கிடு, டிக்கெட் நாங்க பாக்கறோம்.’ வர முடியாது என்று கணக்குப் பார்த்து, காரியத்துக்கு வருகிறேன் என்று அவன் சொன்னால், அதைச் சொல்லும் உரிமையும் அவனுக்குத்தான் உண்டு, பெரியப்பாவுக்கு இல்லை.