தொகுதி நம்முடையது, பிரதிநிதி யாருடையவர்?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர் என்பது மத்திகிரி வட்டாரத்து மாணவர்கள் அறிந்த செய்தி. 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரும் அதில் ஒப்பமிட்டனர். நம் வாக்குச்சீட்டின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

பல மொழி, பல மதம் கொண்ட நாட்டை ஆண்ட ஆங்கிலேயர், வாக்குரிமையைச் சிறுகச் சிறுகத்தான் தந்தனர். 1909-ல் முஸ்லிம்களுக்கும், 1919 சட்டத்தில் சீக்கியர் உள்ளிட்டோருக்கும் தனி வாக்காளர் முறை கிடைத்தது. இதில் பிரித்தாளும் கணக்கு இருந்தது உண்மைதான். ஆனால் சேரி மக்களுக்குக் கிடைத்தது அரசு பார்த்து நியமிக்கும் சில இடங்கள் மட்டுமே. 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் இந்த நிலையைத்தான் எதிர்த்து வாதாடினர்.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரண்டு வாக்குகளைத் தந்தது. ஒன்று, எல்லோரோடும் சேர்ந்து பொதுத்தொகுதியில். மற்றொன்று, நாம் மட்டுமே நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் பிறந்தது. மாகாண சட்டசபைகளில் நமக்கான இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்தில் 18 என்பது 30 ஆனது. இடம் பெருகியது, தனி வாக்கு போனது. நால்வர் பட்டியலை முதலில் நாமே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் மட்டும் மிஞ்சியது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லை.

இழப்பின் அளவு 1938-லேயே தெரிந்தது. கூட்டுத் தொகுதி போதும் என்று வாதாடியவர் எம்.சி. ராஜா. அவரே கோயில் நுழைவு மசோதாவைச் சென்னை சட்டசபையில் கொண்டுவந்தபோது, பிரதமராக இருந்த ராஜாஜி அதை ஏற்கவில்லை, மசோதா தோற்றது. முப்பது இடம் இருந்தும், கட்சிக் கட்டுப்பாட்டுக்கு முன் அவை கைகொடுக்கவில்லை.

இன்று தமிழகச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44 தொகுதிகள். நம் மாவட்டத்தில் ஊத்தங்கரை. வேட்பாளர் நம்மவர், வெற்றியை முடிவு செய்யும் பெரும்பான்மை வாக்கு மற்றவர்களுடையது, சீட்டுக் கொடுப்பது கட்சித் தலைமை. காலனிக்காக உரக்கப் பேசுபவருக்கு அடுத்த முறை சீட்டு கிடைக்குமா என்பதே கேள்வி. ஒருவரின் மனச்சாட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு முறையில் இருக்கிறது.

ஊராட்சியில் இதைவிடக் கொடுமை. தலைவர் பதவி தனியானதற்காக 1997-ல் மேலவளவு முருகேசன் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடப்படவில்லை. பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக்கூடாது என்று 2022-லும் தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

இந்த எல்லைப் பகுதியில் நாம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழி பேசுகிறோம். மொழி எதுவானாலும் காலனி ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. மொழியாலும் உட்சாதியாலும் நம்மைப் பிரித்து வாக்குக் கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.

நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சி நிர்வாகங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்தல் வரும்போது தனி ஊராட்சியில் யாரை நிறுத்துவது என்பதைப் பெரிய வீட்டுத் திண்ணை முடிவு செய்யக்கூடாது. காலனி கூடிப் பேசி, நால்வர் பெயரை நாமே முன்வைப்போம். பூனாவில் மிஞ்சிய அந்த முதற்கட்டத் தேர்தலை நடத்த இன்று சட்டம் தேவையில்லை, ஒற்றுமை போதும். வென்றவர் நாற்காலியில் உட்காரவும், காசோலையில் தன் கையால் ஒப்பமிடவும், ஆகஸ்ட் 15-ல் கொடியேற்றவும் அரசு பாதுகாப்புத் தர வேண்டும். கட்சிகள் பொதுத்தொகுதியிலும் நம்மவரை நிறுத்த வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்த மாணவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். கிராம சபையில் எழுந்து கேள்வி கேளுங்கள். இரண்டாவது வாக்கு போய்விட்டது. கையில் இருக்கும் ஒன்றையாவது அடுத்தவர் சொல்லிப் போடாமல், நாமே முடிவெடுத்துப் போடுவோம்.