ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைக்கிற பிட்சர்

போன கிழமை கொம்பியூட்டர் பேஸ்போல் கேம் ஒன்றைப் பற்றி இரண்டு வரி போட்டதற்கு, "சேர், கணிதம் படிப்பிக்கிற நீங்களும் கேம் விளையாடுறீங்களா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விளையாடுகிறேன். 'அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்' என்று பெயர், 1999 இல் இருந்து வருகிறது. இதில் நாம் பந்தை அடிப்பதில்லை. முகாமையாளராக இருந்து யாரை எப்போது இறக்குவது என்று தீர்மானிப்பதுதான் நமது வேலை. மிச்சத்தைக் கொம்பியூட்டர் நிகழ்தகவு பார்த்துச் சொல்லும். ஆகவே இதுவும் கணிதம்தான்.

இதை விளையாடுகிற தம்பிமார் நம்ம ஊரிலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு விடயத்தில் அவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. அணியின் ஆகச்சிறந்த ரிலீஃப் பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைக்கிறார்கள். அது பிழை என்பதுதான் என் கட்சி.

பேஸ்போல் பழக்கமில்லாதவர்களுக்கு: ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். தொடங்குகிற பிட்சர் ஐந்து, ஆறு இன்னிங்ஸில் களைத்துவிடுவார். பிறகு எறிய வருகிறவர்கள் ரிலீஃப் பிட்சர்கள். கிரிக்கெட்டில் மாலிங்கவை இரண்டு ஓவரோடு நிறுத்தி, கடைசியில் மறுபடி கூப்பிடலாம். இங்கே அது ஏலாது. வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவர் கதை முடிந்தது. எனவே எப்போது இறக்குவது என்ற தீர்மானம் ஒரே தடவைதான்.

இந்தப் பூட்டி வைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? 1969 இல் 'சேவ்' என்பது அதிகாரபூர்வப் புள்ளிவிபரமானது. சுருக்கமாகச் சொன்னால், மூன்று ஓட்டம் அல்லது அதற்குக் குறைந்த முன்னிலையில் வந்து, கடைசி இன்னிங்ஸை எறிந்து வெற்றியோடு முடித்தால் ஒரு சேவ். அப்போதும் முகாமையாளர்கள் உடனே மாறவில்லை. கூஸ் கொசேஜ் 1975 இல் ரிலீஃபாக மட்டும் வந்து 141 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். எண்பதுகளின் இறுதியில் ஓக்லண்ட் அணியில் டோனி லா ருஸ்ஸா, டெனிஸ் எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆளாக ஆக்கினார். வென்றார். மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள்.

இப்போது இரண்டு நிலைமைகளைப் பாருங்கள். ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ஓட்ட முன்னிலை, மூன்று பேஸிலும் ஆள், எதிரணியின் மூன்றாவது நான்காவது துடுப்பாட்டக்காரர்கள் வருகிறார்கள். மற்றது ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று ஓட்ட முன்னிலை, பேஸ் எல்லாம் காலி, வால்பக்கத்து ஆட்கள். எது ஆபத்து என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். டொம் டேங்கோ என்பவர் இந்த ஆபத்தை அளக்க 'லெவரேஜ்' என்று ஒரு சுட்டியே செய்து வைத்திருக்கிறார். ஆனால் சேவ் கிடைப்பது இரண்டாவதில்தான், அதனால் பெரிய ஆளும் அங்கேதான் போகிறார்.

2016 ஒக்டோபர் 4, டொரொண்டோவில் ஒரு ஆட்டத்தோடு வெளியேறுகிற நொக்-அவுட். பால்டிமோரின் ஸெக் பிரிட்டன் அந்த சீசனில் 47 சேவ் வாய்ப்பில் 47ஐயும் முடித்தவர். ஸ்கோர் 2-2, பதினோராவது இன்னிங்ஸ். முகாமையாளர் பக் ஷோவால்ட்டர் முன்னிலை வரட்டும் என்று பிரிட்டனை வைத்துக்கொண்டே இருந்தார். உபால்டோ ஹிமெனெஸ் எறிந்தார், எட்வின் என்கர்னாசியோன் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்தும் எறியவில்லை.

இரண்டு நாள் கழித்து கிளீவ்லண்ட் முகாமையாளர் டெரி பிரான்கோனா, தன் சிறந்த ரிலீஃபான அண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். அந்த அணி உலகத் தொடர் வரை போனது.

தம்பிமார் சொல்கிற மறுப்பும் வெறும் கதையல்ல. அதே மில்லர் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் களைத்துத்தான் வந்தார், டேவிட் ரொஸ் ஹோம் ரன் அடித்தார், கிளீவ்லண்ட் தோற்றது. கை இரும்பல்ல. கேமிலும் களைப்புக் காட்டும். நேற்று இரண்டு இன்னிங்ஸ் எறிந்தவரை இன்றும் இறக்கினால் அடி வாங்குவார். 162 ஆட்டச் சீசனில் தினமும் பிரான்கோனா ஆக ஏலாது. அதற்கு என் பதில், மூன்று ஓட்ட முன்னிலையை மூன்றாவது தர ஆளிடம் கொடுங்கள் என்பதுதான். அங்கே மிச்சம் பிடிக்கிற பந்துகளை நெருக்கடிக்கு வையுங்கள்.

நிஜ பிட்சர் சேவ் எண்ணிக்கையைக் காட்டித்தான் சம்பளம் பேசுவார், அவரைக் குறை சொல்ல ஏலாது. கேமில் வருகிறவருக்கு வீட்டு வாடகை இல்லையே!

எங்கள் தொழிலிலும் இது உண்டு. 9ஏ எடுத்த பிள்ளைகளின் படம் போட்ட பெனர் கேட்டில் தொங்க வேண்டும் என்பதற்காக, நல்ல ஆசிரியரை எப்படியும் சித்தியடைகிற வகுப்புக்குக் கொடுக்கிறோம். கணிதத்தில் முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் நிற்கிற பிள்ளைகளிடம் யாரை அனுப்புகிறோம்? மூன்று பேஸிலும் ஆள் நிற்பது அங்கேதான். பெற்றோர் கூட்டத்தில் ஒருவரும் இதைக் கேட்பதில்லை.

கேமுக்கு வருகிறேன். வெளியூர் ஆட்டம், ஸ்கோர் சமன், ஒன்பதாவதின் பின்பாதி என்றால் எதிரணிக்கு ஒரு ஓட்டம் போதும். அந்த நேரத்தில் சிறந்த ஆளை இறக்குங்கள், முன்னிலைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு சீசன் இப்படி ஆடிவிட்டு வெற்றி எண்ணிக்கையைக் கொமெண்டில் போடுங்கள். குறைந்திருந்தால் அதையும் போடுங்கள்.