சுவருக்கு உடுத்தும் ஆடை

 

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் சமுதாயத்தார் கட்டும் வீடுகள் பலவும் வளைகுடா உழைப்பால் எழுபவை. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களின் தெருக்களே இதற்குச் சாட்சி. எங்கள் எறையூர்ப் பக்கமும் இதே நிலைதான். கூரை முடிந்து, பூச்சு வேலையும் முடிந்தபின் ஒரு கேள்வி எழுகிறது. வெளிச்சுவருக்கு எதை ஒட்டுவது? எந்த நிறம் பூசுவது? பல குடும்பங்களில் கையிருப்பு தீர்ந்து கடன் தொடங்குவது இந்த இடத்தில்தான். எனவே இது வெறும் ரசனை பற்றிய கேள்வி அன்று. மார்க்கம் பற்றிய கேள்வியும் ஆகும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். நபி (ஸல்) அவர்கள் போருக்குச் சென்றிருந்தபோது, அன்னையார் ஒரு விரிப்பைத் திரையாக வாயிலில் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த நபியவர்களின் முகத்தில் அதிருப்தி தெரிந்தது. அதை இழுத்துக் கிழித்த அவர்கள், கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். கிழிந்த துணியை அன்னையார் வீணாக்கவில்லை. அதில் இரண்டு தலையணைகள் செய்து பேரீச்ச நாரை அடைத்தார்கள். அதை நபியவர்கள் குறைகூறவில்லை. சுவருக்கு வீணான துணி மனிதர் சாய்ந்து இளைப்பாறப் பயன்பட்டது.

இதைக் கொண்டு சுவரை அழகுபடுத்துவதே ஹராம் என்று கூற இயலாது. கட்டளையிடவில்லை என்பதால் தடை செய்யப்பட்டது என்றாகாது என இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என வினவப்பட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்பதையும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்பதையும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஆகவே அழகு குற்றமன்று. அண்டை வீட்டானைச் சிறுமைப்படுத்தும் நோக்கமே குற்றம்.

உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசலைக் கட்டச் சொன்னபோது, மக்களை மழையிலிருந்து காக்குமாறும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களின் கவனத்தைக் குலைக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியதை இமாம் புகாரீ (ரஹ்) எடுத்தெழுதியுள்ளார்கள். அது பள்ளிவாசலுக்குச் சொல்லப்பட்டது. வீட்டுக்கு அந்நிறங்கள் விலக்கப்பட்டன என்று பொருளன்று. ஆயினும் அதிலுள்ள வரிசை நமக்கு வழிகாட்டி. முதலில் பாதுகாப்பு, பிறகே நிறம். வீட்டை மனிதர் அமைதி பெறும் இடமாக ஆக்கியதாக இறைவன் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் கூறுகிறான். தெருவில் நிற்பவரின் கண்ணுக்காக அன்றி, உள்ளே உறங்குபவரின் உடலுக்காகவே சுவர் இருக்கிறது.

நம் மாவட்டங்களில் அந்த உடலுக்குத் தேவை குளிர்ச்சி. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும் மண் இது. பிற்பகல் வெயில் முழுவதையும் மேற்குச் சுவர் வாங்கி, இரவில் அறைக்குள் விடுகிறது. கருஞ்சாம்பல், அடர்சிவப்பு, காப்பி நிறங்கள் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கின்றன. வெள்ளையும் வெளிர் நிறங்களும் திருப்பி அனுப்புகின்றன. முன்னோர் வெள்ளையடித்தது வறுமையால் மட்டுமன்று. சுட்ட சுண்ணாம்பு நீரில் நீறி, சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. சுவரின் ஈரம் வெளியேறவும் வழிவிடுகிறது. பழங்காலக் கடலின் படிவாகிய அந்தக் கல்லை இறைவன் அரியலூரில் நம் காலடியிலேயே வைத்துள்ளான்.

சுண்ணாம்பில் குறையும் உண்டு. உரசினால் துணியில் ஒட்டும். ஓரிரு ஆண்டுக்கொரு முறை மறுபடி அடிக்க வேண்டும். பழைய எமல்ஷன் பூச்சின்மேல் பிடிக்காது. அது வேண்டாம் என்போர், புதுப்பூச்சு நன்கு காய நான்கு வாரமாவது விட்டு, விரிசல்களை அடைத்து, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான எமல்ஷனை வெளிர் நிறத்தில் இருமுறை பூசினால் போதும். ஐப்பசி மழைக்கு முன் அதை முடிப்பது நல்லது. தூய வெள்ளையில் சாலைப் புழுதி பளிச்செனத் தெரியும். சந்தன நிறமோ வெளிர் மஞ்சளோ அதைத் தாங்கும். ராசிக்கு உகந்த நிறம் எது எனக் கேட்டலைவது மட்டும் முஃமினுக்கு அழகன்று. நன்மையும் தீமையும் பெயிண்ட் டப்பாவில் இல்லை.

எலிவேஷன் டைல்ஸும் அலுமினியப் பலகையும் பற்றி ஒரு சொல். சரியாக ஒட்டாத டைல்ஸின் பின்னே மழைநீர் புகும். ஒருநாள் அது பெயர்ந்து கீழே நிற்கும் குழந்தையின்மேல் விழலாம். அலுமினியப் பலகைகளுள் சிலவற்றின் நடுவே எரியக்கூடிய பிளாஸ்டிக் உள்ளது. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் பற்றிய தீ அத்தகைய வெளிப்போர்வை வழியாகவே விரைந்து பரவியது. 72 உயிர்கள் பறிபோயின. புதுப்பிக்கும் பணியில் அதற்குப் போர்த்தப்பட்ட ஆடை அது.

சகோதரர்களே! முகப்புக்காக வட்டிக்கு வாங்குவோர் எண்ணிப் பார்க்கட்டும். அந்தத் தவணையைத் தீர்க்க மகன் பாலைவனத்தில் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தங்க நேர்ந்தால், அந்த ஆண்டுகளில் அவனுடைய பிள்ளைகள் தந்தையின்றி வளர்கின்றனர். ஹராமான பணத்தில் மின்னும் சுவரைவிட, ஹலாலான பணத்தில் பூசிய எளிய சுவருக்குள் பரக்கத் இருக்கிறது. மிஞ்சும் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். மேற்கே ஒரு வேம்பு நடுங்கள். ஒழுகும் கூரையுள்ள உறவினர் இருந்தால் அதைச் சீர்செய்து கொடுங்கள். கிழிந்த திரை தலையணையானது போல, சுவருக்குப் போகவிருந்த பொருள் ஒரு மனிதருக்குப் பயன்படட்டும்.

நம் இல்லங்களை அமைதியின் இடங்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.