உங்க ரோடா, நம்ம ரோடா?

பூந்தமல்லி மெட்ரோவைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் இந்தப் பத்திக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். கலங்கரை விளக்கம் தொடங்கி பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர். தூண்களைப் பார்த்துவரக் குமணன்சாவடிக்குப் போனவர், டீக்கடையில் நின்றுவிட்டார்.

அங்கே ஒரு கொரியாக்காரர். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வந்து நாலு வருஷம். டம்ளர் மேல் படிந்த தூசியை ஊதிவிட்டுச் சொன்னார்: "நம்ம ரோடு ரொம்ப மோசம்ணே."

கடைக்காரர் பாய்லரிலிருந்து தலை நிமிரவில்லை. "நம்ம ரோடு என்னிக்கு சார் நல்லா இருந்துச்சு?"

அந்த 'நம்ம'வில் மெட்ரோ மறந்துபோனது.

கொரியா என்றதும் பத்திக்காரருக்கு எரிச்சல் வருவது பழைய வாசகர்களுக்குத் தெரியும். காரணம், மாதம் தவறாமல் வரும் அந்த வாட்ஸப் செய்தி. கொரியர்களும் அப்பாவை அப்பா என்கிறார்களாம், ஆகவே தமிழும் கொரிய மொழியும் ஒன்றாம். பகரமும் மகரமும் குழந்தை வாயில் முதலில் வரும் ஓசைகள். உலகம் முழுக்கப் பெற்றோருக்கு அவைதான் பெயர். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அதை நம்பி யாரும் அங்கே முறைப்பெண் தேடிப் போகவில்லை. 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சம்குக் யூசா' சொல்லும் அயுதா நாட்டு இளவரசியைக் கன்னியாகுமரியில் கப்பலேற்றுவதும் அந்தச் செய்தியை அனுப்பும் கூட்டம்தான்.

அவர்கள் கண்ணில் படாத ஒற்றுமை ஒன்று உண்டு. கொரியர் "என் அம்மா" என்பதில்லை. "உரி ஒம்மா" என்பார்கள். நாம் "எங்க அம்மா" என்கிறோமே, அது. ஆனால் 'உரி' ஒன்றே சொல். நம்மிடம் இரண்டு: 'எங்க' என்றால் கேட்பவருக்கு அதில் பங்கில்லை, 'நம்ம' என்றால் அவரும் சேர்த்தி. டீக்கடைக் கொரியர் சரியானதை எடுத்திருந்தார்.

'உங்க'விலிருந்து 'நம்ம'வுக்கு வந்துசேர எவ்வளவு நாளாகும்? 1955இல், நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட் அயல்நாட்டில் தங்குபவர்கள் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கா சென்று திரும்பிய நார்வேக்காரர்கள் 200 பேரிடம் விசாரித்ததில், ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆறிலிருந்து பதினெட்டு மாதம் இருந்தவர்கள்தான் நொந்துபோயிருந்தார்கள். அதற்கும் மேல் தங்கியவர்கள் தேறிவிட்டார்கள். எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். பத்திக்காரர் லிஸ்கார்டின் கணக்கை டீக்கடைத் தமிழில் போட்டுப் பார்த்தார்: முதலில் "உங்க ஊர் சாப்பாடு பிரமாதம்." அப்புறம் "உங்க ரோடு ஏன் இப்படி?" கடைசியில் "நம்ம ரோடு மோசம்." ரோடு என்னவோ அதே ரோடுதான்.

1963இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் அந்தக் கணக்கில் இன்னொரு பள்ளத்தையும் சேர்த்தார்கள்: சொந்த ஊருக்குத் திரும்பியவன் விழும் பள்ளம். அதைப் பார்க்க அம்பத்தூருக்கு வரவேண்டும்.

அங்கே தொழிற்பேட்டையில் லேத் பழகி ஷார்ஜா போனவர் ஒருவர், இருபது வருஷம் கழித்துத் திரும்பிக் கொரட்டூரில் வீடு கட்டினார். பால் காய்ச்சிய அன்று மாடியிலிருந்து தெருவைப் பார்த்தவர், கூடப் பிறந்த தம்பியிடம் சொன்னார்: "எங்க ஷார்ஜாவுல இப்படிக் குறுக்க வண்டிய நிறுத்தினா ஃபைன். உங்க ஊர்ல கேக்க ஆளில்ல."

குறுக்கே நின்றது தம்பியின் வண்டி. சாப்பிடாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மெட்ரோ அடுத்த வாரம். தூண்கள் எங்கும் போய்விடாது.