மெதுவா ஓட்டுறவன் முன்னாடி போகட்டும்

ரெண்டு பைக் சேர்ந்து போனா அனுபவஸ்தன்தான் முன்னாடி போகணுமாம். தார் ரோட்டுக்கு ஓகே மக்களே. ஜல்லி ரோட்டுக்கு அது தப்புன்னு அடிச்சு சொல்வேன்.

2019 ஜூலை. ஸ்பிதி பள்ளத்தாக்கு காஜாவிலிருந்து மணாலிக்கு ரெண்டு புல்லட். எனக்கு அது மூணாவது இமயமலைப் பயணம், கூட வந்த காலேஜ் நண்பனுக்கு முதல். லோசர் தாண்டி, 4,500 மீட்டருக்கு மேல இருக்கற குன்ஸும் கணவாய் ஏறி இறங்குற வரைக்கும் கல்லும் புழுதியும்தான். செல்போன் சிக்னல் கிடையாது. நான் கிளப்பின புழுதிக்கு அவன் தள்ளித்தான் வரணும். என் கண்ணாடியில புழுதி தவிர ஒண்ணும் தெரியல. 'வந்துடுவான்'னு கீழே பாத்தல்ல இறங்கி ரெண்டு டீ சொல்லிட்டேன்.

அரை மணி கழிச்சு வந்த லாரி டிரைவர்தான் சொன்னார், மேல வளைவுல ஒருத்தன் விழுந்துட்டான்னு. என்னைப் பிடிக்கற அவசரத்துல, உருள்கல்லுல முன் பிரேக்கை அழுத்தியிருக்கான். வண்டிக்கு அடியில கால். தூக்கி விட்டதும் அந்த லாரிக்காரர்தான். நல்லவேளை, கணுக்கால் வீக்கத்தோட போச்சு. பயல் என்னைத் திட்டக்கூட இல்ல. "டீ ஆறிடுச்சாடா?"ன்னான். அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

மறுநாள் அவனை முன்னாடி விட்டேன். அவன் வேகம்தான் பயணத்தோட வேகம். வெயில் ஏறினா பனி உருகி ஓடைகள்ல தண்ணி கூடும்னு காலையிலேயே கிளம்பினோம். ஓடை வந்தா மட்டும் ரெண்டு பேரும் இறங்கிப் பார்த்துட்டு, நான் முதல்ல.

புழுதி தின்ன வேண்டியது அனுபவஸ்தன்தாங்க. பின்ன எதுக்கு அனுபவம்?

டிஸ்கி: அந்த டீக்குக் காசு கொடுத்ததும் அவன்தான் :-(