உருகி இல்லாத பெட்டி

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருந்த பழைய பலநாட் படகு ஒன்றின் சுக்கான் அறைக்குள் அண்மையில் ஏறிப் பார்த்தேன். வெளியே நீலமும் மஞ்சளுமாகப் புதிய வர்ணம். உள்ளே, ஒட்டுப்பலகையில் அறைந்த மின்பெட்டி. எட்டு உருகிகளுக்குரிய இடங்களில் மூன்றில் மட்டுமே உருகிகள் இருந்தன. இரண்டில் செப்புக் கம்பி முறுக்கிச் செருகப்பட்டிருந்தது. ஒன்றில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். எஞ்சிய இரண்டும் வெறுமை. அவற்றின் வயர்கள் அயல் இணைப்போடு சேர்த்துச் சுற்றப்பட்டு, பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தன. எந்தச் சுவிச்சு எதற்கு என்று எழுதியிருந்த பட்டி எப்போதோ உதிர்ந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் ஐயா, இருட்டிலயும் கை போகும்" என்றார் படகோட்டி.

"நீங்கள் உறங்கும்போது?" என்றேன். சிரித்தார்.

செப்புக் கம்பி ஏன் என்று கேட்டதற்கு, "உருகி ஒவ்வொருக்காலும் எரியுது, நடுக்கடலில கடையா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் உருகி எரிகிறது என்றால் எங்கோ பழுது இருக்கிறது என்று பொருள். அதைத் தேடாமல், சொன்னவனின் வாயை அடைத்திருக்கிறோம்.

உருகி விளக்கைக் காப்பதற்காக வைக்கப்படுகிறது என்றே நம்மவர் பலர் நினைக்கின்றனர். அது காப்பது வயரை. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பி உருகுவதற்கு ஏறத்தாழ 28 ஆம்பியர் வேண்டும். விளக்குக்குப் போகும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயரோ ஆறேழு ஆம்பியருக்கு மேல் தாங்கத் தக்கதன்று. ஆகவே பழுது நேர்ந்தால் கம்பி உருகுமுன் வயரின் உறை உருகும். வயர் ஓடும் வழியெல்லாம் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் டீசல் படிந்த துணியும். இயந்திரத்தை முடுக்கும் பற்றரி குறுக்குச் சுற்று ஏற்பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் தள்ளக்கூடியது. "பன்னிரண்டு வோல்ற்றுத்தானே, கையில் அடிக்காது" என்ற ஆறுதல் மனிதத் தோலுக்குப் பொருந்தும், பலகைக்குப் பொருந்தாது.

தளர்ந்த இணைப்பும் அப்படியே. உப்புக் காற்றில் அரித்த ஓர் உருகித் தாங்கியில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை சேர்ந்து, அதனூடாக 20 ஆம்பியர் பாய்ந்தால் 40 வாற்று வெப்பம் அவ்விடத்தில் பிறக்கும். வானொலி திருத்துபவர் பற்றாசு வைக்கும் கோல் அவ்வளவு சூட்டில்தான் வேலை செய்கிறது. அப்படியொரு கோலைக் கொளுத்திப் பலகைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு மூன்று வாரம் கடலுக்குப் போவீர்களா?

தீ ஒரு பயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருட்டு. இழை விளக்கொன்றுக்குப் பன்னிரண்டு வோல்ற்றுக்குப் பதிலாக 10.8 வோல்ற்று மட்டும் சென்றால் அதன் ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். பச்சைக் களிம்பு பூத்த ஓர் இணைப்பே அதற்குப் போதும். சர்வதேச விதிப்படி, 12 மீற்றருக்கு மேற்பட்ட, 50 மீற்றருக்குக் குறைந்த மீன்பிடிக் கலத்தின் சுற்றொளி விளக்கு இரண்டு கடல்மைலுக்குத் தெரிய வேண்டும். 15 நொட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் அந்தத் தூரத்தை எட்டு நிமிடத்தில் கடந்துவிடும். எட்டு நிமிடம் என்பதே சிறிது. மங்கிய விளக்கு அதையும் குறைக்கிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உடனே கொழும்பு விழித்துக்கொண்டது. ஆழ்கடற் படகுகளில் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் தடை நீங்கியது. நல்லது, மீன் விலைபோக வேண்டும். ஆனால் அந்தக் கருவியும் இதே பற்றரியிலிருந்துதான் மின் உண்கிறது. படகு எங்கே நிற்கிறது என்று செய்மதிக்குத் தெரிவிக்கக் காட்டிய அவசரத்தில் நாலில் ஒரு பங்கை, அதே படகு எதிரே வரும் கப்பலின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதில் காட்டியிருக்கக் கூடாதா? பாய்மரத்து விளக்கின் வயரைப் பற்றிக் கேட்பதற்குப் பிரசெல்ஸிலிருந்து கடிதம் வர வேண்டுமா?

கொடையாளிகளையும் விட்டுவிட முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பின் கல்லடி தொடக்கம் வாகரை வரை கரையெங்கும் புதுப் படகுகள் வந்து இறங்கின. அவற்றின் அணியத்தில் கொடுத்தவரின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. இலங்கைக்கு வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகளிற் பல தரமற்றவை என்பது பின்னர் உணவு விவசாய நிறுவனத்தாலேயே பேசப்பட்ட விடயம். படகு கொடுப்பதற்கு விழா எடுக்கலாம், புகைப்படம் பிடிக்கலாம். ஒரு பெட்டி உருகிக்கும் வெள்ளீயம் பூசிய வயருக்கும் யார் விழா எடுப்பார்?

நம்மவர் பக்கத்திலும் சாட்டு இருக்கிறது. போர்க்காலத்தில் கட்டுப்பாடற்ற பகுதிகளுக்குப் பற்றரி கொண்டுசெல்லத் தடை. படுவான்கரையில் பலர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். இல்லாததை இருப்பதாக்கிய அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். அதைப் பற்றிப் பெருமையோடு எழுதியுமிருக்கிறேன். இப்போது வருந்துகிறேன். போர் 2009இல் முடிந்தது. தட்டுப்பாட்டில் பிறந்த தந்திரம் தட்டுப்பாடு போன பின்னும் தொழில்முறையாக நிலைத்துவிட்டது. 2022இல் ரூபா சரிந்தபோது உதிரிப்பாகம் எட்டாக்கனியானது உண்மை. ஆயினும் ஓர் உருகியின் விலையைக் கிழிந்த வலையின் ஒரு முழத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய பெட்டியைத் திருத்துவோர் செய்யும் இன்னொரு தவறு, காணாமற்போன உருகியின் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று விசாரிப்பது. முன்பு இருந்ததே பிழையாக இருக்கலாம். வயரின் தடிப்பைப் பார்த்தே உருகியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பற்றரியிலிருந்து பெட்டிக்கு வரும் தடித்த வயருக்கும் உருகி வேண்டும். அதைப் பற்றரிக்கு ஏழு அங்குலத்துக்குள் வைக்கும்படி அமெரிக்கப் படகு நியமம் சொல்கிறது. வீட்டுச் சுவர்ச் சுவிச்சு ஆடலோட்டத்துக்கு உரியது. ஆடலோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால் அங்கே பொறி தானாக அணையும். பற்றரியின் நேரோட்டத்தில் அந்த ஓய்வு இல்லை, தொடுமுனை கருகிப்போகும்.

இவற்றைப் படகோட்டியே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அநியாயம். துறைமுகத்தில் ஐஸ் விற்கிறார்கள், டீசல் விற்கிறார்கள். அதே வாசலில் உருகியும் வளைய முனையும் தமிழில் அச்சிட்ட சுவிச்சுப் பட்டியும் கிடைக்க வேண்டும். ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருபவரிடம் மின்பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்க வேண்டும்; குறை இருந்தால் தண்டம் எழுதாமல், திருத்தத் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். மீனவர் சங்கங்களும் மானிய எண்ணெய்க்குக் குரல் கொடுக்கும் அதே மேடையில் இதையும் கேட்கட்டும்.

நான் இறங்கும்போது ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கைப்பையில் இருந்த குறிப்பேட்டின் தாளைக் கிழித்து, படகோட்டி சொல்லச் சொல்ல எட்டுச் சுவிச்சுகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ஆறாவதிலும் ஏழாவதிலும் அவருக்கே சந்தேகம் வந்தது; போட்டுப் பார்த்துத்தான் சொன்னார். அன்று மாலை ஐந்து பேருடன் படகு வெளிக்கிட்டது.